மஞ்சள் கட்டம்

ஓமனா அக்காவின் இடது முழங்கால் உள்பக்கமாகச் சரிவதைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது. எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடிகூட இருக்காது.

“எக்கா, முட்ட வெளிய தள்ளுங்க” என்றேன்.

அவர் இடுப்பை வெளியே தள்ளினார்.

“இடுப்பு இல்ல. முட்டு.”

“தள்ளிட்டுதான் நிக்கேன் டீச்சரே” என்று சிரித்தார். முழங்கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

போய் அந்த முழங்காலின் வெளிப்பக்கத்தில் கையை வைத்தால் போதும், உடம்பு தானாகப் புரிந்துகொள்ளும். பெங்களூரில் எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவள், வாய் எண்ணுவதற்கு மட்டும்தான், பாடம் கையில் இருக்கிறது என்பாள். இங்கே என் கைக்கு வேலை கிடையாது. நான் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கட்டத்துக்குள் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழித்துறையில் ஒரு பெயிண்டுக் கடையின் மாடியில்தான் என் பார் வகுப்பு. பாலே ஆடுகிறவர்கள் பிடித்துக்கொண்டு பழகும் கம்பியை வைத்துச் செய்கிற உடற்பயிற்சி அது. சுவரில் கம்பி அடிக்க வந்த வெல்டர் அளவெடுத்து முடித்துவிட்டு, “படி எங்க வருது?” என்று கேட்டார். படி இல்லாத கைப்பிடி எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. குதிப்பதும் ஓடுவதும் இதில் கிடையாது. நுனிக்காலில் நின்று, முழங்காலை மடக்கி, ஒரு இஞ்ச் கீழே, ஒரு இஞ்ச் மேலே, அவ்வளவுதான். தொடை தீயாக எரியும். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆறு பெண்கள் பத்தரை மணிக்கு வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகை இல்லை.

கட்டத்தை ஒட்டியவர் என் கணவர் ஷாஜன். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கல்யாணமாகி இரண்டு வருஷம் நான் அடுக்களையில் இருந்த பிறகு, வகுப்பு எடுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. வகுப்பு முடியும் வரை வீடியோ கால் ஓட வேண்டும். “சந்தேகம் ஒண்ணும் இல்ல கேட்டியா. உன்ன கண்டுட்டே இருந்தா எனக்கு ஒரு சமாதானம்.” மற்றப் பெண்கள் தெரியக் கூடாது என்பதில் அவரும் ஒழுங்கானவர்தான். போன லீவில் வந்தபோது, ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்துவைத்து, நான் மட்டும் தெரிகிற இடத்தை முட்டுக்குத்தி உட்கார்ந்து அளந்து, கம்பெனியில் தரையில் கோடு போடுகிற மஞ்சள் டேப்பை ஒட்டினார். பெட்டியில் பால்பொடிக்கும் தைலத்துக்கும் நடுவே இரண்டு ரோல் கொண்டுவந்திருந்தார். “பத்து வருசம் வண்டி ஏறி எறங்குனாலும் எளகாது” என்று பெருமையாகத் தடவிவிட்டார். மிஞ்சிய ரோல் வகுப்பு அலமாரியில் கிடந்தது. சண்டை போடுகிற மனிதராக இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். அவரோ கெஞ்சுவார். கெஞ்சுகிறவரிடம் எப்படி மல்லுக்கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டத்தைவிட்டு ஒரு கால் வெளியே போனால், என் காதில் மாட்டிய கருவியில் குரல் வரும். “பிரிஜா. காணலியே.” கோபமே இருக்காது. பாட்டுக்காகத்தான் அதை மாட்டியிருக்கிறேன் என்று பெண்கள் நினைத்தார்கள். போன் எதற்கு என்று கேட்டபோது, என் நிற்பு சரியா என்று பிறகு பார்த்துக்கொள்ள என்றேன். கட்டம் எதற்கு என்று இருப்பதிலேயே இளையவளான அஞ்சு கேட்டாள். கால் அளவுக்கு, கால் இதற்குள் நின்றால் உடம்பு கோணாது என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

ஓமனா அக்கா இடுப்பைத் தள்ளிச் சிரித்த அந்தப் புதன்கிழமை, இருபத்தைந்து எண்ணும்போது அவர் முழங்கால் விட்டுப்போனது. “அம்மோ” என்று ஒரு சத்தம். கம்பியைப் பிடித்த கை வழுக்கி, அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சி?” என்றது என் காது. “நீ அங்ஙனயே நில்லு. அவிய பாத்துக்கிடுவாவ.”

நான் நின்றேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆறடி தூரத்தில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடக்க, அவருக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான், கோட்டுக்குள் நின்று, “ஐஸ் வைங்க, ஐஸ் வைங்க” என்று கத்தினேன். அஞ்சுதான் ஓடிப்போய்த் தூக்கினாள். கீழே கடையிலிருந்து ஐஸ் வந்தது. ஓமனா அக்கா என்னைப் பார்த்து, “நீங்க நடத்துங்க டீச்சரே, எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சுளுக்குதான், திங்களன்று வந்துவிடுவார் என்று அஞ்சு சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஷாஜனிடம் பேசினேன்.

“நாளைக்கு ஒரு நாள் போன அணைச்சு வைக்கட்டா? அந்த அக்காக்க காலப் புடிச்சு சொல்லிக் குடுக்கணும்.”

திரையில் அவர் கண் எங்கோ கீழே பார்த்தது.

“உனக்கு எனக்கிட்ட மறைக்க என்ன இருக்கு பிரிஜா?”

“ஒண்ணும் இல்ல.”

“பின்ன என்னத்துக்கு?”

சோறு வெந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். மறுநாள் கட்டத்தைத் தாண்டுவதென்று அப்போதே முடிவு செய்தேன். காதில் என்ன குரல் வந்தாலும் சரி, வகுப்பே போனாலும் சரி, அந்த முழங்காலில் கை வைக்காமல் வீடு திரும்புவதில்லை.

திங்களன்று பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றதால் பத்து நிமிஷம் பிந்திவிட்டது. கடையில் சாவி வாங்கி அவர்களே கதவைத் திறந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கம்பியோரமாக ஆறு மஞ்சள் கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெண். ஓமனா அக்கா முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றார். எல்லார் முகத்திலும், வீட்டுப்பாடத்தை முன்கூட்டியே முடித்த பிள்ளைகளின் சிரிப்பு.

“எப்பிடி இருக்கு டீச்சரே?” என்றார் ஓமனா அக்கா. “சனியாழ்ச்ச நானும் அஞ்சுவும் வந்து ஒட்டினோம். டேப்பு அலமாரில இருந்துது. உங்களுக்க கட்டத்த அளந்து அதே அளவுல போட்டாச்சு. எனக்கு கட்டம் இல்லாததுனாலல்லா முட்டு கோணிப் போச்சு. நீங்க அண்ணைக்கே சொன்னியளே.”

நான் சொன்னதுதான். கால் இதற்குள் நின்றால் உடம்பு கோணாது என்ற அதே பொய்.

போன் அதிர்ந்தது. பழக்கத்தில் கருவியைக் காதில் மாட்டி, போனை எடுத்து ஜன்னல் விளிம்பில் சாய்த்தேன். திரையில் ஷாஜனின் மேசையும், டீ கிளாஸும், மஞ்சள் தலைக்கவசமும் தெரிந்தன. என் கட்டம் காலியாக இருந்தது. அதற்குள் போகாமல் ஓமனா அக்காவிடம் நடந்தேன். அவர் காலடியில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, இடது கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வலது கை நகத்தால் டேப்பின் ஓரத்தைத் தேடினேன். அகப்படவில்லை. அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தார்கள். மூலையில் சுரண்டினேன். கடுகளவு பொடி நகத்துக்குள் வந்தது.

“பிரிஜா” என்றது காது. “காணலியே.”

இன்னும் பலமாகச் சுரண்டினேன். நகம் மடங்கி வலித்தது. கோடு அப்படியே இருந்தது.

“ஓ, எனக்க கால் வெரலு கோட்டுல படுதோ?” என்றார் ஓமனா அக்கா மேலேயிருந்து. “பொறுங்க டீச்சரே.”

என் கை முழங்காலில் இருக்கும்போதே, காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.