பிரித்துப் பின்னிய வரிசைகள்

கடையிலிருந்து திரும்பிய மருமகள் செருப்பைக் கழற்றியதும் பாதி பின்னியிருந்த கம்பளி ஸ்கார்ஃபைத்தான் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னலில் ஓட்டைகளின் கோடு நேராக இருந்தது.

நேராக இருக்க வழியே இல்லை. கிளம்பும் முன் ஒரு இடத்தில் ஓட்டை விழுவதற்காக ஊசியில் நூலைச் சுற்றிப்போட மறந்து, அது தெரியாமலே மேலே சில வரிசை பின்னித் தொலைத்திருந்தாள். "வந்து பிரிச்சுக்கறேன் அத்தை" என்று மாமியாரிடம் புலம்பி, அவர் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அந்த ஸ்கார்ஃபே மாமியாருக்காகத்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து கழுத்து நரம்பில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இரண்டு கையும் விளங்காமல் போய்விட்டன. சால்வையின் கனத்தைக்கூடக் கழுத்து தாங்கவில்லை. அதனால்தான் மெல்லிய கம்பளி நூல், கொசுவலை போல ஓட்டைகள், நடுநடுவே சின்னச் சின்னப் புடைப்புகள். ஊதினால் பறந்துவிடும். ஊட்டிவிடுவது முதல் மூக்கைத் துடைப்பது வரை எல்லாம் மருமகள். அதற்காகவே ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டாள். நேற்று அங்கிருந்து மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று புருஷன் ஒரே கேள்வியில் கதையை முடித்துவிட்டான். அவளும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, வரவில்லை என்று சொல்வதாகத்தான் இருந்தாள்.

இப்போது இதை யார் பிரித்துப் பின்னியது? புருஷன் காலையிலேயே வேலைக்குப் போயாயிற்று. வெளியே பூட்டு, சாவி இவள் பையில். ஜன்னல் கொக்கிகூடப் போட்டபடியே இருந்தது. பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊசியில் மாட்டியிருந்த நூல் கண்ணிகள் எல்லாம் திரும்பி உட்கார்ந்திருந்தன. நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் அப்படி வரும். அப்படிச் சுற்றுகிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். கல்யாணமான புதிதில் அதை இவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

மாமியாரின் மடியில் துவண்டு கிடந்த கையைத் திருப்பினாள். ஆள்காட்டி விரலின் குறுக்கே நூல் ஓடிய சிவப்புத் தடம். காலையில் இந்த விரலுக்குத்தான் நகம் வெட்டிவிட்டிருந்தாள்.

"உங்க கை எப்ப அத்தை சரியாச்சு?"

மாமியாரின் விரல்கள் மெல்ல மடங்கி மருமகளின் கையைப் பிடித்தன. நல்ல பிடி. அவள் திடுக்கிட்டு உதறினாள். இத்தனை நாள் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டினேனே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் பிள்ளையிடமே கேட்கிறேன் என்று போனை எடுத்தாள்.

"அவனுக்குத் தெரியும்."

போன மழைக்காலத்திலேயே விரல் அசைய ஆரம்பித்துவிட்டதாம். மகனிடம்தான் முதலில் சொன்னாராம். அவன் முகத்தில் சந்தோஷத்தையே காணோமாம். தெரிந்தால் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அப்புறம் வீடு வீடாக இருக்காது என்று சொல்லி, தன் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

மருமகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, அம்மாவுக்குக் கை ஏதாவது அசைந்ததா என்று அவளிடமே விசாரித்தவன் அவன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பெருமூச்சு வேறு விடுவான். பாவம் மனுஷன் என்று இவள்தான் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். எத்தனை தடவை!

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் அத்தை? சத்தியம் என்ன ஆச்சு?"

"நேத்து நீ போன்ல பேசிட்டு நேரா மூஞ்சி கழுவப் போனே. பாத்துட்டுத்தான் இருந்தேன்." மாமியார் பின்னலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சொல்ல மாட்டேன்னுதாம்மா சத்தியம் பண்ணினேன். பின்ன மாட்டேன்னு பண்ணலை."

மருமகள் எழுந்து பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டு, நாளைக்கே வரட்டுமா என்று கேட்டாள்.