அண்ணிக்கு என்ன நோய்

குக்கர் மூடி நெற்றியில் பட்டபோது அண்ணன் முதலில் கத்தவில்லை, ஆச்சரியப்பட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அடி ஒருவழிப் பாதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டி வரும் என்று அவன் நினைக்க நியாயமில்லை.

சமையலறை வாசலில் நின்று தங்கை எல்லாவற்றையும் பார்த்தாள். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. அதற்காக அண்ணன் அண்ணியின் பின்கழுத்தைப் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் முகத்தை அழுத்தினான். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. மூச்சுக்குத் தவித்தவளின் கை பக்கத்தில் துழாவியது, அகப்பட்டது மூடி. இரண்டாவது அடியில் அவன் புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஐயோ, என் புள்ளைய கொன்னுட்டாளே!" என்று அம்மா ஓடிவந்தாள். மருமகளின் முகம் தண்ணீருக்குள் இருந்தவரை அவளுக்குக் காது கேட்கவில்லை. மூடிச் சத்தம் மட்டும் உடனே கேட்டுவிட்டது.

அப்பா செய்தித்தாளோடு வந்தார். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; தும்மினால்கூட உத்தரவு போட்டது மாதிரி இருக்கும். நனைந்த தலையும் உடைந்த பல்லுமாக நின்ற மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது பைத்தியம். புருஷன் மேல கைய வெக்கிறவ நார்மலா இருக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினார். "நீ அன்னிக்கே சொன்னியே, டாக்டரம்மா!"

டாக்டரம்மா கல்லூரியில் முதலாண்டு உளவியல். இந்தப் பருவத்தில் பிறழ்மன உளவியல், அதிலும் அறிமுகம் மட்டும். முதல் வகுப்பிலேயே பேராசிரியை எச்சரித்திருந்தார்: "முதல் மாசம் புத்தகத்துல இருக்கிற நோயெல்லாம் உங்களுக்கே இருக்கிற மாதிரி தெரியும். ரெண்டாம் மாசம் வீட்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் இருக்கும். பரீட்சைக்குப் படிங்க, வைத்தியத்துக்குக் கிளம்பிடாதீங்க."

யார் கேட்டார்கள்? ஒரே வாரத்தில் அவள் தனக்கு ஐந்து நோய்களைக் கண்டுபிடித்தாள். அலுத்துப்போனதும் வீட்டாருக்கு வழங்கத் தொடங்கினாள். பேனாக்களை உயர வரிசைப்படி அடுக்கும் அப்பாவுக்கு ஒன்று. தொலைக்காட்சியோடு சண்டை போடும் அம்மாவுக்கு ஒன்று. கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதும், ஸ்பூன் விழுந்தால் தூக்கிவாரிப் போடுவதுமாக இருந்த அண்ணிக்குப் பெரிதாக ஒன்று. அதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தாள். வீடே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அண்ணனுக்கு மட்டும் பொருத்தமான பாடம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

புருவத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு மதியம் திரும்பிய அண்ணன், அண்ணியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். பக்கத்து அறையில் தங்கை அண்ணியின் குழந்தையை மடியில் வைத்து அதன் காதுகளைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே புத்தகம் விரிந்து கிடந்தது. 'காரணமற்ற அச்சம்' என்று அதில் போட்டிருந்தது. காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அலறவில்லை. கட்டில்தான் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. தங்கை எழுந்துபோய்க் கதவை உதைத்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். அம்மா அவளை முடியைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

"அது புருஷன் பொண்டாட்டி விஷயம்டி."

தங்கைக்கு வாந்தி வந்தது. தாழ்ப்பாளுக்கு நோய்ப்பெயர் வைத்த வாயிலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. அண்ணியின் அப்பா பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மனைவியோடு வந்திருந்தார். நடுநாயகமாக அம்மாவின் அண்ணன், தாய்மாமா. பத்துக் கல்யாணம் முடித்தவர், எட்டுப் பஞ்சாயத்து செய்தவர், இரண்டும் பெரும்பாலும் ஒரே வீடுகளில். அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். ஒரு கண் திறக்கவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "மனித மனம் இருக்கு பாருங்க, அது ஒரு ஆழ்கடல்..."

"மாப்ள, கரைக்கு வாங்க" என்றார் தாய்மாமா.

அப்பா வந்தார். "பொண்ணை நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க சம்பந்தி. குழந்தை இங்க இருக்கட்டும். பைத்தியத்துகிட்ட குழந்தைய விடறது ஆபத்து. நான் சொல்லல, சயின்ஸ் சொல்லுது. எம் பொண்ணு அதைத்தான் படிக்கிறா. சொல்லும்மா."

அண்ணியின் கைகள் குழந்தையை இறுக்கின. திறந்திருந்த ஒற்றைக் கண் தங்கையைப் பார்த்தது.

தங்கை எழுந்தாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அண்ணிக்கு நோய் இல்ல, பயம். பயத்துக்குக் காரணம் பெல்ட்டு."

"அதிகப்பிரசங்கி! பாடத்தைச் சொல்லுடி!" என்றார் அப்பா.

"சொல்றேன். நோயான்னு பாக்க நாலு கேள்வி கேக்கச் சொல்லுது புத்தகம். அடுத்தவங்களுக்கு ஆபத்தா? அண்ணன் விஷயத்துல ஆமா. அண்ணி மொகத்தப் பாருங்க. வேலை கெடுதா? இல்ல, அண்ணன் லீவு போடாம ஆபீஸ் போறான். அவனுக்கு வேதனையா? இல்ல, அடிச்சிட்டு நல்லாத் தூங்கறான்."

"ஏய், வாய மூடு" என்று அண்ணன் எழுந்தான்.

"நாலாவது, மத்த மனுஷங்ககிட்டேருந்து வித்தியாசமா இருக்கானா?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "இங்க இருக்கிற ஆம்பளைங்க சொல்லுங்க. பொண்டாட்டி மேல கை வெக்காதவங்க யாரு?"

அப்பா பேனாவின் மூடியைத் திருகினார். தாய்மாமா கடிகாரம் பார்த்தார். பேருந்து ஓட்டுநர் தரையைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவர் மனைவி பார்த்தாள்.

"அப்போ அண்ணன் வித்தியாசம் இல்ல. நல்ல ஆரோக்கியமா இருக்கான். இதுக்கு டாக்டர் வேண்டாம், போலீஸ் போதும்."

அண்ணன் விட்ட முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது. இரண்டாவதில் செருப்பு அலமாரியின் மேல் போய் விழுந்தாள். விழுந்தவளின் விலாவில் அண்ணன் உதைத்தான். அவனைத் தடுக்க ஒருவரும் எழவில்லை.

எழுந்தது ஒருத்திதான், ஓட்டுநரின் மனைவி. மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உட்காருடி, பேசிட்டிருக்காங்கல்ல" என்றார் ஓட்டுநர்.

"நீங்க உட்காருங்க. உங்களுக்கு இங்க பழகின இடம் மாதிரிதான் இருக்கும்."

வாசலைத் தாண்டியவர்களைப் பிடிக்க அண்ணன் பாய்ந்தான். கீழே கிடந்த தங்கை அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். குனிந்து முதுகில் குத்தினான், விடவில்லை. தலையில் குத்தினான், பல்லைக் கணுக்காலில் பதித்தாள். தெருவில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

அண்ணன் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். ஓட்டுநர் வெளியேறினார். அம்மா மகனுக்கு மருந்து தேடினாள்.

அப்பா தளர்ந்துபோய்ச் சொன்னார்: "பார்த்தீங்களா மச்சான், கூடப்பொறந்தவனயே கடிக்கிறா. படிப்பு தலைக்கேறிடுச்சு. நாளைலேருந்து காலேஜ் கிடையாது."

"அது போதாது மாப்ள" என்றார் தாய்மாமா. "வயசுக் கோளாறு. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா தானா தெளிஞ்சிடும். என் கைல ஒரு இடம் இருக்கு."

"பையன் எப்படி?"

"சொக்கத் தங்கம். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. என்ன, சட்டுனு கொஞ்சம் கை நீளும், அவ்வளவுதான்."