நனைந்த கம்பியில் ஓர் இதயம்

அக்காவின் கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றார் எங்கள் கிளினிக் டாக்டர். அது எத்தனை பெரிது, அறுவை சிகிச்சை தேவையா என்பதை நகரத்துப் பெரிய டாக்டர்தான் சொல்ல முடியும். அவரோ அன்று சாயங்காலம் வெளிநாடு கிளம்புகிறார். அதற்குள் ஸ்கேன் படம் மெயிலில் போய்ச் சேர வேண்டும். கிளினிக்கில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் நான். எல்லாம் என் தலையில் விடிந்தது.

இருப்பது ஒரே போன் லைன். முந்தின நாள் மழையில் வெளியே எங்கோ கம்பி நனைந்துபோய், ரிசீவரை எடுத்தால் வாணலியில் ஏதோ பொரிகிற சத்தம். படத்தை ஓசையாக்கி போன் லைனில் அனுப்பும் மோடம் பெட்டி கீச்சிட்டு, கனைத்து, அந்தப் பக்கத்தோடு ஒருவழியாகப் பேச்சை ஆரம்பிக்கும். படம் பாதி போவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

எரிச்சலில் மோடத்தை ஒரு தட்டு தட்டினேன். பிறகு புத்தி வந்து, போன் வயரை ஃபேன் வயரிலிருந்து பிரித்துப் போட்டேன். மோடத்தை நேராகச் சுவரிலிருந்த போன் பிளக்கில் செருகினேன். வரவேற்பறையில் அதே லைனில் இன்னொரு போன் உண்டு. அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டுக்காரரைக் காவலுக்கு உட்கார வைத்தேன். இந்த முறை படம் பாதியைத் தாண்டியது. பட்டென்று அறுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா கையில் ரிசீவர்.

"யாராவது எடுத்துட்டாங்களோன்னு பாத்தேன்மா," என்றார்.

"நீங்கதான் எடுத்தீங்க மாமா!"

வேலியே பயிரை மேய்ந்த கதை. போனைக் கழற்றி அவர் மடியிலேயே வைத்தேன். பாவம், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

அப்படியும் இரைச்சல் குறையவில்லை. கடைசியாக மோடத்தின் வேகத்தைக் குறைத்தேன்.

"நேரமே இல்ல, இப்ப போய் மெதுவாக்குறியே! பைத்தியமா உனக்கு?" அக்கா கத்தினாள்.

"இந்தச் சத்தத்துல வேகமா பேசினா அந்தப் பக்கம் புரியலக்கா. பதறாத காரியம் சிதறாதுன்னு நீதானே சொல்லுவ."

மோடம் மறுபடி கூவி, இணைந்து, அடங்கியது. திரையில் நீலப் பட்டை எறும்பாக ஊர்ந்தது. ஊர்ந்தது, நிற்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பிஞ்சு இதயம் வெறும் ஓசையாகி, நனைந்த கம்பி வழியே, அத்தனை இரைச்சலுக்கும் நடுவே நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது! சிதறிய துண்டை அந்தப் பக்கத்து மோடம் திருப்பிக் கேட்கும். சற்றுமுன் என்னிடம் அடி வாங்கிய இந்தப் பெட்டி சலிக்காமல் திருப்பிச் சொல்லும். இத்தனை பொறுமை எனக்குக் கிடையவே கிடையாது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

பட்டை நிறைந்தது. இணைப்பைத் துண்டித்து, மாமா மடியிலிருந்த போனை மாட்டினோம். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை மட்டும் கொட்டாவி விட்டது.

மணி அடித்ததும் அக்கா எடுத்தாள். பெரிய டாக்டர்தான்.

"படம் பளிச்சுன்னு வந்துச்சும்மா. சின்ன ஓட்டைதான், தானா மூடிக்கும். ஆபரேஷன் வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"லைன்ல ஒரே சத்தம் சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் உரக்கச் சொன்னார்.

"இன்னும் சரியா கேக்கல சார்."

தள்ளி நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. கன்னமெல்லாம் கண்ணீரோடு அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொள்ள, அவர் மூன்றாவது தடவையும் சொன்னார்.