திண்டிவனம் வரை அணையாத மெழுகுவர்த்தி

சுற்றுலா வண்டிக்காரர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்று எதிர்வீட்டு பிராங்கிளின் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. கொரோனா வந்து எங்களைப் படுக்கப் போட்டுவிட்டுப் போய் எத்தனை நாளாகிறது, இப்போது யாருக்கு எங்கள் ஞாபகம் வரப்போகிறது? ஆனால் செய்தி உண்மைதான். அந்தப் பணம் வந்தால் சுவரோரம் டயர் இறங்கி நிற்கும் என் வேனை மறுபடி ரோட்டில் ஏற்றிவிடலாம். ஐம்பத்திரண்டு வயதில் எண்ணூர் கன்டெய்னர் லாரிக்குக் கிளீனராகப் போய், முதலாளி மகனிடம் "டேய் தவசிமுத்து" என்று பேச்சு வாங்க வேண்டாம்.

நிவாரண ஆபீஸில் ஆர்சி புத்தகம், பெர்மிட் கேட்டார்கள், இருந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். இரண்டாவது ஊரடங்குக்கு முன் கடைசியாக ஓட்டிய பயணத்தில் வந்தவர்களில் ஐந்து பேர், ஆளுக்கொரு தாளில் பயணம் எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அந்தக் கடைசிப் பயணம் தவக்காலத்தில், ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு. பதினோரு பேர். என் வேனில் ஒரு வழக்கம் உண்டு. டேஷ்போர்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே போவோம். திண்டிவனம் தாண்டும்வரை அது அணையக் கூடாது. அதனால் ஜன்னல்களையெல்லாம் இறுக மூடிவிடுவேன்.

"தவசி, ஜன்னல கொஞ்சம் தொறந்து வுடு நைனா. பின்னாடி யாரோ இருமிகினே கீறாங்க" என்றார் மகளோடு வந்திருந்த வியாகுலம்மாள்.

"வத்தி அணைஞ்சிடும்மா. மாதா கீறாங்க, ஒண்ணியும் ஆவாது" என்றேன்.

மெழுகுவர்த்தி அணையவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

திரும்பி வந்த ஒரே மாதத்தில் நான்கு பேர் கொரோனாவில் போய்விட்டார்கள். முதலில் போனது வியாகுலம்மாள். எங்கே ஒட்டியது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும்.

மிச்சம் ஏழு பேரில் நான்கு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பாக்கி இருந்தது சாரா, வியாகுலம்மாளின் மகள். ஒரு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே போகாதவன், வேறு வழியில்லாமல் போய்க் கதவைத் தட்டினேன்.

"வாண்ணே. இன்னா இந்தப் பக்கமே காணோம்?" என்றாள். சுவரில் அவள் அம்மாவின் படம். வேளாங்கண்ணிக்குக் கட்டி வந்த அதே நீலப் புடவை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். உடனே பேனாவை எடுத்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"சாரா, அன்னிக்கு உங்கம்மா ஜன்னல தொறக்கச் சொன்னாங்கோ..."

"தெரியும்ணே. நான் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள். மடித்துக் கையில் கொடுத்தாள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அந்த டீயை எப்படிக் குடித்தேனோ தெரியாது.

தெருமுனைக்கு வந்துதான் பிரித்துப் படித்தேன். "அம்மா வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். அவர் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அதுதான். வண்டி நன்றாக இருந்தது. அண்ணன் பத்திரமாக ஓட்டினார். ஜன்னலை மட்டும் திறந்திருக்கலாம்."

நடுத்தெருவில் நின்று அழுதேன். ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆபீஸில் கிளார்க் தாள்களைப் புரட்டினார். "நாலுதானே இருக்கு. அஞ்சாவது எங்க?"

சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த வார்த்தைகளைக் கொடுத்துக் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல சார்" என்றேன்.

வேன் இன்னும் சுவரோரம்தான் நிற்கிறது. மழை பெய்தாலும் அதன் ஜன்னல்களை நான் மூடுவதில்லை.