சுவரில் ஒட்டிய குடும்பம்

மேனேஜர் வீட்டு ஆபீஸ் அறையின் சுவரில் ஒட்டப்பட்ட எழுத்துகள் மூன்றாம் நாள் காலையிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கின. தண்ணீர் இல்லை, எச்சில்தான். கொழகொழவென்று நூல் இழுத்தது. பல் தேய்க்காத வாயின் வாடை அடித்தது. மாடித் தொட்டி கசிகிறது என்று நினைத்து முதலில் பிளம்பரை அழைத்தார்கள். அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு அந்த விரலைச் சட்டையில் துடைக்க மனம் வராமல், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே, "இது என் வேலை இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதே வாரத்தில்தான் குப்பை வண்டி வரும் நேரம் மாறியது, முனையிலிருந்த பால் கடையும் மூடப்பட்டது. தெருவில் இந்த மூன்றைப் பற்றியும் ஒரே அளவுக்குத்தான் பேசிக்கொண்டார்கள்.

கம்பெனி தன் அதிகாரிகளை எல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. கேமராவில் பேசும்போது தலைக்குப் பின்னால் 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்ற வாசகம் தெரிய வேண்டும். வாசகத்தில் கைவைக்கக் கூடாது, எழுத்தின் பாணியை மட்டும் அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். திங்கள்தோறும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அனுப்பாதவர்களின் இருக்கை காலியாகும். மேனேஜருக்கு இது எவ்வளவு நிஜம் என்று தெரியும். ஆட்களைத் திரையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வதுதான் அவருடைய வேலை.

ஆபீஸாக மாறிய அறை அவருடைய அக்காவுடையது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துப்போனவள் அவள். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்தாள். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சை எடுக்க ஆளில்லாமல் போனது, அவளும் எடுக்கவில்லை. அவளுக்கென்று இருந்தது ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். "பத்து நாளைக்குத்தான்க்கா" என்று சொல்லி மேனேஜர் கட்டிலையும் பெட்டியையும் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் போட்டார். ஜன்னலை நகர்த்த முடியாது. அதன் பிறகு குளியலறைக்குப் போகிறவர்கள் கட்டிலை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்தார்கள். ஈரக்கால் தடங்கள் அவள் தலைமாட்டு வரை வந்தன. ஈரத் துண்டுகள் அவள் முகத்துக்கு மேலே கொடியில் தொங்கிச் சொட்டின. சாக்கடை மூடி திறந்த வாசனை தலையணை உறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஸ்டிக்கர் கடைக்காரர் தடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார்.

"உருண்டை எழுத்துன்னா பாசமா தெரியும் சார். கூரா இருந்தா கண்டிப்பு. மெலிசா இருந்தா ரசனையான ஆளுன்னு நெனப்பாங்க. நீங்க எப்படித் தெரியணும்?"

"பாசமா," என்றார் மேனேஜர். கொஞ்சம் யோசித்து, "ஆனா ரொம்ப வேணாம்," என்றார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது," என்றாள் மேனேஜரின் மனைவி.

அப்படி வந்தவைதான் அந்தக் கொழுத்த கறுப்பு உருண்டை எழுத்துகள். ஒவ்வொரு சுழியும் ஒரு வாயாக ஊறியது. மேனேஜர் பேசப்பேச அவருக்குப் பின்னால் எச்சில் கோடுகோடாக இறங்கித் தரையில் தேங்கியது. ஈக்கள் மொய்த்தன, சில ஒட்டிக்கொண்டு எழுத்தோடு எழுத்தாகச் செத்தன. வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவள் தரைத்துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பாள், வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் கொட்டுவாள், அந்த வாடைக்குப் பக்கத்திலேயே படுப்பாள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அந்த வீட்டில் அவள் எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

பசை சரியில்லை என்று முடிவுசெய்து அடுத்ததாக மெலிந்து வளைந்த, தூரிகையால் இழுத்தது போன்ற பாணியை ஒட்டினார்கள். அதில் எச்சில் வரவில்லை, முடி வந்தது. எழுத்துகளின் நுனியிலிருந்து ஈரமான கருமுடி கிளம்பி, குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொள்ளுமே, அந்தமாதிரி சிக்குச்சிக்காகத் தொங்கியது. திங்கட்கிழமைப் படத்தைப் பார்த்த தலைமை அலுவலகம் வேலைப்பாடு இயற்கையாக இருப்பதாகப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அக்கா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள், வெட்டவெட்ட அடர்த்தியாக வளர்ந்தது. மேனேஜரின் மனைவி ஒருநாள் சாப்பிடும்போது தொண்டைக்குள்ளிருந்து முழ நீள முடியொன்றைக் குமட்டிக்கொண்டே இழுத்தெடுத்தாள். அன்றைக்கே அந்தப் பாணியும் போனது.

மூன்றாவது, பின்னால் விளக்கெரியும் உலோக எழுத்துகள். அவற்றில் முதலில் லேசான சூடு மட்டும் இருந்தது. பிறகு மேலே தோல் படர்ந்தது. தோலில் கொப்புளங்கள் வந்தன. விளக்கைப் போட்டால் உள்ளே மஞ்சளாக ஏதோ நகர்வது தெரிந்தது. கம்பெனி ஒரு பிரிவையே மூடிய வாரத்தில் மேனேஜர் காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசிக்கொண்டேயிருந்தார். மதியம் ஒரு கணக்குப் பிரிவுப் பெண்ணிடம், "உங்கள எங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் பாக்குறோம்மா, ஆனா," என்று இழுத்தபோது அவர் தலைக்கு மேலிருந்த கொப்புளம் பழுத்து உடைந்து, தோளில் வழிந்து, காலருக்குள் இறங்கியது. திரையில் அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்தாள். தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், தோள்ல என்னமோ கொட்டியிருக்கு. முதல்ல அதத் தொடைங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு."

மேனேஜர் மேஜைக்கு அடியில் வாந்தியெடுத்தார். அதையும் அக்காதான் அள்ளினாள். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மறுத்தார். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுக் குளித்துக் குளித்து அவர் தோள் சிவந்திருந்தது, வாடை போகவில்லை. கணவரின் வேலை போய்விடும் என்ற பயத்தில் மனைவி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய் நடையில் கட்டில்மேல் வைத்தாள். "அண்ணி, நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன். எங்களுக்கு ஒண்ணும் புரியல." அந்த வீட்டில் அக்காவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா பக்கங்களைப் புரட்டினாள், மனைவிக்குப் பின்னால் வந்து நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "படுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்டா தம்பி. நீ உக்காந்து பாத்து எடுத்த, அதான் ஒண்ணும் சரியா வரல."

"படுத்தா? எங்க?"

"அந்த ரூம்லதான். செவுரு அங்கதானே இருக்கு."

மேனேஜர் விழித்தார். "எத்தனை நாளாகும்?"

"பத்து நாளைக்குத்தான்," என்றாள் அக்கா.

கட்டிலும் பெட்டியும் ஜன்னலோரத்துக்குத் திரும்பிப் போயின. அவள் படுத்த முதல் நாளே கொப்புளங்கள் காய்ந்தன. பொருக்குகள் சிறுபிள்ளையின் முழங்காலில் உதிர்வதுபோல உதிர்ந்தன, அவள் காலையில் கூட்டி அள்ளினாள். உலோகம் பளபளத்தது. ஆனால் மேனேஜர் அறை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் போதும், எழுத்துகள் மறுபடி ஊறத் தொடங்கும். வேறு வழியில்லாமல் அவர் ஸ்டூலையும் கணினியையும் நடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அறைக் கதவைத் திறந்துவைத்தால் கேமராவில் தூரத்தில் வாசகம் தெரிந்தது. அதற்குக் கீழே கட்டிலில் நீட்டியிருந்த அக்காவின் நீலநரம்புப் பாதங்களும் தெரிந்தன. பாதங்களை மறைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை அப்படியே படமெடுத்து அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் உருகிப்போனது. இதுதான் உண்மையான குடும்பச் சூழல் என்று எல்லாக் கிளைகளுக்கும் அந்தப் படத்தை அனுப்பியது. அந்த மாதமே பல ஊர்களில் அதிகாரிகள் தங்கள் வீட்டுக் கிழவர்களையும் நோயாளிகளையும் கட்டிலோடு இழுத்துவந்து கேமராவுக்குப் பாதம் தெரியும்படி கிடத்தினார்கள். பெரியவர்கள் இல்லாத வீடுகளில் வாடகைக்கு ஆள் பிடித்தார்கள். சோப்புத் தேய்த்த பாதங்களுக்குக் கூலி அதிகம் என்று கேள்வி.

பத்து நாள் முடிந்தது. வருடங்களும் முடிந்தன. ஸ்டிக்கர் கடை செருப்புக் கடையானது. ஆல்பம் அக்காவின் தலையணைக்கடியிலேயே இருந்தது. மேனேஜர் குளியலறைக் கதவோரம் உட்கார்ந்து ஆட்களை வேலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். மகள் ஈரக்காலோடு வந்து, "அப்பா, கொஞ்சம் தள்ளுங்க" என்று அவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து போனாள். கொடியிலிருந்த துண்டுகள் அவர் வழுக்கையில் சொட்டின. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால், மழை பெய்வதாகத் திரையில் இருப்பவர்களிடம் சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒருமுறை அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மனைவி வெளியே போயிருந்ததால் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போக வேண்டியிருந்தது. கட்டிலருகே போய் நின்றதும் எழுத்துகள் ஊறின. கொழகொழவென்று ஒரு நூல் மெதுவாக இறங்கி அவர் உச்சந்தலையில் விழுந்து காதோரம் வழிந்தது. அக்கா மாத்திரையை விழுங்கிவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த தரைத்துணியை எடுத்தாள்.

"குனி."

அவர் குனிந்தார். அவள் தலை, காது, கழுத்து என்று அழுத்தித் துடைத்தாள். துணியின் நாற்றத்துக்கு அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஆடாம நில்லுடா."

"எந்த எழுத்துன்னு முடிவு பண்ணிட்டியாக்கா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்," என்று சொல்லி, துணியை வாளியில் போட்டுவிட்டு, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். நடையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது, யாரோ வேலையிழக்கக் காத்திருந்தார்கள். மேனேஜர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.