ஆல்ட்யேவின் முப்பது பக்கம்

ஹேக் நகரில் பெண்களுக்கென்றே வாசகசாலை திறந்தவர் சீமாட்டி வான் எல்டிங்க். பெண்களுக்கு ஓட்டு வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசுவார். தொண்டை கட்டிக்கொண்ட நாட்களில் எங்களுக்கு விதிகள் எழுதுவார். நான் குவிஸ்ட், அங்கே நூலகர். விதிகளைக் காப்பது என் வேலை. புத்தகங்கள் தம்மைத் தாமே காத்துக்கொண்டன.

ஒரு மழை நாளில் ரோசன்பர்க் வீட்டு வேலைக்காரி ஆல்ட்யே, எஜமானியின் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நீட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. ஒரு முனையை நான் இழுக்க, மறு முனையை அவள் இழுக்க.

"விடு பொண்ணே."

"இன்னும் முப்பது பக்கம்தான், குவிஸ்ட்டம்மா! கடைக்குப் போறப்ப கூடையில வச்சு நடந்துக்கிட்டே படிப்பேன். ரெண்டு தடவை கால்வாயில விழப் பார்த்தேன். அதுக்குள்ள அம்மா போதும்னு திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

பின்னாலிருந்து சீமாட்டியின் குரல்: "இங்கயே உக்காந்து படியேன்?"

"ரெண்டாம் விதி," என்றேன். "உறுப்பினர்தான் உக்காரலாம். உறுப்பினராக ரெண்டு உறுப்பினரோட கையெழுத்து வேணும்."

"எந்த மடச்சி எழுதினா அதை?"

"நீங்கதாம்மா."

சீமாட்டி முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு அறையைப் பார்த்தார். ஐந்து சீமாட்டிகள்; முகங்களை மறைத்து ஐந்து செய்தித்தாள்கள் கப்பல்பாய்போல உயர்ந்தன. வாசகசாலையிலேயே சம்பளத்துக்கு இருப்பவள் உறுப்பினராக முடியாது என்பது மூன்றாம் விதி. ஆகவே நான் மேசையைத் துடைத்தேன்.

"உன் எஜமானி உறுப்பினர்தானே? வா, கேப்போம்," என்றார் சீமாட்டி.

ஆல்ட்யே வெளுத்துப்போனாள். "கூடை விஷயம் தெரிஞ்சா இன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்கம்மா."

"பேசப்போறது நான்."

"அதுதாம்மா பயமா இருக்கு."

மிச்சம் ஆல்ட்யே சொல்லித்தான் தெரியும். ரோசன்பர்க் வீட்டில், பழக்கதோஷத்தில் அவள் தெருமட்டத்துக்குக் கீழிருந்த வேலைக்காரர் வாசலுக்குப் படியிறங்கினாள். பிறந்ததிலிருந்து அப்படியொரு வாசலை மிதிக்காத சீமாட்டியும், நனைந்து தொங்கிய தொப்பியோடு பின்னாலேயே இறங்கினார்.

மேலிருந்து எஜமானியின் குரல்: "கூட யாரு, சலவைக்காரியா? காலைத் தொடச்சுட்டு வரச் சொல்லு!"

சீமாட்டி காலைத் துடைத்துக்கொண்டு நின்றார். இறங்கிவந்த எஜமானி கடைசிப் படியைத் தவறவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தப்பினாள். பிரசங்கம் எதுவும் இல்லை. சீமாட்டி நடந்ததை மட்டும் சொன்னார்.

எஜமானி ஆல்ட்யேவின் பக்கம் திரும்பினாள். "என்னால நாலு பக்கம் தாண்ட முடியலைடி. நீ எப்படி..." என்றாள். சிவந்த முகத்தோடு கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை ஆல்ட்யேவுக்கு அரைநாள் விடுப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். திடீரென்று புத்தகத்தை மூடி எழுந்தாள்.

"முடிச்சுட்டியா?"

"இன்னும் ஆறு பக்கம் இருக்கு. அடுத்த வாரம் வந்து படிச்சுக்கிறேன். இப்ப என்ன அவசரம், குவிஸ்ட்டம்மா?"