ஆடியில் பில், ஆவணியில் வண்டி

12.8.2025, செவ்வாய். ஆடி அமாவாசை அன்று அடைக்கலம் அண்ணன் சொன்னதை முதலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன். சின்னத் தவறுதான்.

டைரியில் எழுதியதை அறிவுமதி திரும்பப் படித்தாள். 'சொல்ல மறந்துவிட்டேன்' என்பதை அடித்துவிட்டு 'சொல்லாமல் தள்ளிப்போட்டேன்' என்று எழுதினாள். 'சின்ன' என்பதையும் அடிக்கலாமா என்று யோசித்தாள். தில்லைநகரில் மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து பெஞ்சில் யாரோ முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பகலில் அவள் மலைக்கோட்டை அடிவாரத்து மொத்த ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அன்று காலை முதலாளி ரங்கசாமியின் கார், ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியில், காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் நின்றுபோனது. கீழே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. மேலே பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கிற வெளிநாட்டுக் கார் அது. கயிறு கட்டித்தான் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போனார்கள்.

கார் பேப்பர்களை எடுத்துக்கொண்டு அறிவுமதி போய்ச் சேர்ந்தபோது, சர்வீஸ் மேனேஜர் கிளமென்ட் கையில் டேப்லெட்டோடு நின்றிருந்தார். முதலாளியின் முகம் கறுத்திருந்தது. டிரைவர் அடைக்கலம் தூணோரமாகத் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சுங்க சார். உள்ள ரிப்பேர் பண்ண முடியாது, முழுசா மாத்தணும். ஒம்பது லட்சம் வரும்."

"மூணு வருஷம்கூட ஆகலையேய்யா! வாரண்டியில போடு."

"வாரண்டி ஜூலையிலயே முடிஞ்சுபோச்சுங்க."

"ஜூலையா? நான் வண்டி எடுத்தது ஆவணியில. ஆவணி இன்னும் பொறக்கவே இல்ல."

"பில்லு ஆடியில போட்டிருக்கு சார். டெலிவரி பேப்பர்லயும் அதே தேதிதான். உங்க கையெழுத்து இருக்கு, பாருங்க." கிளமென்ட் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "சிஸ்டத்துக்கு ஆடி, ஆவணியெல்லாம் தெரியாதுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. அந்தக் கதை கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆடித் தள்ளுபடி வேண்டும் என்று ஆடியிலேயே பில் போடச் சொன்னவர் அவர்தான். ஆடியில் வண்டி வாசலேறக் கூடாது என்று வீட்டம்மா பானுமதி கறாராகச் சொன்னதால், பணம் முழுதும் கட்டிய காரை ஷோரூமிலேயே நிறுத்திவைத்து, ஆவணியில் நாள் பார்த்து எடுத்துவந்தார். தள்ளுபடிக்குத் தேவை என்று அவர்கள் நீட்டிய காகிதங்களில் எல்லாம் ஆடியிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஆடிக் காத்துல அம்மி பறக்கும்பாங்க. எனக்கு ஒம்பது லட்சம் பறக்குது." முதலாளி சட்டென்று தூண் பக்கம் திரும்பினார். "ஏன்டா அடைக்கலம், திடீர்னா நிக்கும்? முன்னாடியே ஏதாச்சும் காட்டியிருக்குமே?"

அடைக்கலம் அறிவுமதியை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார். அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்கு விலை அவருடைய வேலை என்பதும் புரிந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"முதலாளி..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணன் என்கிட்ட சொன்னாருங்க. ஆடி அமாவாசையன்னிக்கே. கியர் மாறும்போது இடிக்குது, முதலாளி காதுல போட்டுரும்மான்னாரு. கடையில தள்ளுபடிக் கூட்டம். அது ஓயட்டும்னு நான்தான் விட்டுட்டேன்."

அமாவாசை வந்தது ஜூலை இருபத்து நாலு. பில் தேதிப்படி வாரண்டி முடிந்தது இருபத்தொன்பது. அந்தச் சில நாள் இடைவெளியை முதலாளி மனதுக்குள் கணக்குப் போடுவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப அன்னிக்கே வந்திருந்தா ஓசியில முடிஞ்சிருக்கும். மாலை கிளாஸுக்குப் போயி கணக்குப் படிக்கிற லட்சணமா இது?"

"ஆவணி வரைக்கும் வாரண்டி இருக்குன்னு நெனச்சேங்க."

"எவன் சொன்னான் உனக்கு ஆவணின்னு?"

"கல்லாவுக்கு மேல போட்டோ மாட்டியிருக்கோமே. அதுல தேதி போட்டிருக்குங்களே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ரங்கநாதர் படத்துக்குக் கீழே தினமும் அவள் கண்ணில் படும் படம் அது. ரங்கநாதர் மாலையின் நுனி அதன் பிரேமில் மாட்டியிருக்கும். அட்டையில் செய்த பெரிய சாவியை முதலாளியும் பானுமதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருப்பார்கள். கீழே ஷோரூம்காரர்களே அச்சடித்த வரி: வண்டியை ஒப்படைத்த நாள், ஆகஸ்ட் 22, 2022.

"அது... ஷோரூம் கொடுத்த படமா?" கிளமென்ட் டேப்லெட்டைத் தாழ்த்தினார்.

"பிரேம் போட்டு அவங்களே கொடுத்தாங்க," என்றாள் அறிவுமதி.

கிளமென்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார், ஒளிக்காம சொல்றேன். எடுத்த நாள்லேருந்துதான் வாரண்டி. ஆனா அப்படிக் கேக்கணும்னா, ஆடியில கையெழுத்துப் போட்டப்ப வண்டி உங்க கைக்கு வரலைன்னு நீங்க எழுதித் தரணும். தள்ளுபடியத் திருப்பிக் கேப்பாங்க. அப்பவும் கம்பெனி ஒத்துக்குமான்னு என்னால சொல்ல முடியாது. அனுப்பி வைக்கிறது மட்டும் என் பொறுப்பு."

தள்ளுபடியில் அடித்துப் பேசி வாங்கினதை முதலாளி மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறார். லிப்டில் தொங்கிய காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முன்கண்ணாடிக்குப் பின்னால் பானுமதி கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கிக் கிடந்தது.

"எழுதும்மா," என்றார் கடைசியில். "நடந்தது நடந்தபடி எழுது. அமாவாசைக்கே இடிச்சதையும் சேர்த்து எழுது. உன் பேரையும் போடு."

"சரிங்க."

"அடைக்கலம், ஆட்டோ பிடி." இரண்டடி போனவர் நின்று அறிவுமதி பக்கம் திரும்பினார். "கம்பெனி ஒத்துக்கலைன்னா உன்னை என்ன செய்யறதுன்னு அப்ப பாத்துக்கறேன்."

வகுப்பில் ஆசிரியர் போர்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அறிவுமதி டைரியில் 'சின்ன' என்ற சொல்லை அழுத்தி அடித்தாள். அதற்குக் கீழே எழுதினாள்:

நாளை: கடை திறந்ததும் போட்டோவைக் கழற்ற வேண்டும். மாலையை முழுதும் பெருமாள் படத்துக்கே போட்டுவிட வேண்டும். கடிதத்தில் முதலாளி கையெழுத்து வாங்கி, போட்டோவையும் கடிதத்தையும் கிளமென்ட்டிடம் நேரில் கொடுக்க வேண்டும்.